கறுவா உரிக்கிற மாதிரி

மாத்தளையில் கொம்பியூட்டர் விளையாட்டுக்கு விமான மொடல் செய்யப் பழகும் தம்பி, தங்கச்சிமாருக்கு, கொஞ்சம் முந்தித் தொடங்கினவன் சொல்வது.

1. முதல் வேலைக்கு ஜெட் வேண்டாம். எங்கள் விமானப்படையிடம் இருக்கும் வை-12 போதும். சக்கரம் உள்ளே மடங்காது, உடம்பு பெட்டி மாதிரி. அது முடிந்த பிறகு லிபரேட்டர் குண்டுவீச்சு விமானத்துக்கு வாருங்கள். எங்கள் மாவட்டத்துச் சிகிரியா ஓடுபாதை இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியர் போட்டது. 1943-44இல் அவர்களுடைய 160ஆம் ஸ்குவாட்ரனின் லிபரேட்டர்கள் அங்கேதான் நின்றன. எனக்குக் கை பழகியது அந்த விமானத்தில்தான்.

2. பிளெண்டரைத் திறந்ததும் அளவை மீட்டருக்கு மாற்றி, லிபரேட்டருக்கென்றால் 33.5 மீட்டர் அகலம், 20.5 மீட்டர் நீளத்தில் ஒரு வெறும் பெட்டியை வையுங்கள். முன், பக்க, மேல் படங்களை அதற்குள் பொருத்துங்கள். மூன்றும் ஒத்துவராது. அப்போது போட்டோவை நம்புங்கள், வரைபடத்தை அல்ல.

3. பாதி உடம்பை மட்டும் செய்யுங்கள், மறுபாதியை மிரர் பார்த்துக்கொள்ளும். முக்கோணங்களைச் சிக்கனமாகச் செலவழியுங்கள். வானத்தை முட்டி நிற்கும் விளிம்புகளுக்குத்தான் அவை வேண்டும்: எஞ்சின் வாய், சிறகு நுனி, லிபரேட்டரின் இரட்டை வால். தட்டையான இடத்தில் கொட்டுவது வீண்.

4. இனி, வர்ணம் பூசுவதற்காக மொடலின் மேற்பரப்பைத் தட்டையாக விரிப்பது. இதிலேதான் எல்லாரும் அழுவார்கள். மாத்தளை வாசனைத் திரவியத் தோட்டங்களில் கறுவா உரிப்பவரைப் பார்த்திருப்பீர்கள். மேல்தோலைச் சுரண்டி, பித்தளைக் கம்பியால் தடியை அழுத்தித் தேய்ப்பார். இரண்டு இடத்தில் சுற்றிக் கீறி, நீளவாக்கில் பிளந்தால் பட்டை முழுசாகக் கழன்று வரும். விமான உடம்பும் அப்படித்தான். மூக்கருகில் ஒரு சுற்று, வாலருகில் ஒரு சுற்று, அடிவயிற்றில் ஒரு நீளக் கீறல். அடிவயிறு ஏனென்றால் அங்கே தையல் தெரியாது. ஆட்டக்காரன் பெரும்பாலும் பின்னாலிருந்தும் மேலிருந்தும்தான் பார்ப்பான். மூக்கு உருண்டையை ஒரே துண்டாக விரிக்கப் போனால் இழுபடும், நான்காக வெட்டுங்கள். சதுரங்கக் கட்டப் படமொன்றைப் போர்த்திப் பாருங்கள். கட்டம் சாய்ந்தாலோ நீண்டாலோ, வர்ணத்தைத் தொடாமல் திரும்பிப் போய் வெட்டுங்கள்.

5. இடமும் வலமும் ஒரே துண்டில் படுத்தால் டெக்ஸ்சர் மிச்சமாகும். ஆனால் எழுத்து? என் முதல் லிபரேட்டரின் வலப்பக்கத்தில் எண்கள் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறி நின்றன. இரண்டு கிழமை வேலை போனது. எழுத்து வரும் பக்கங்களைத் தனித்தனியாக விரியுங்கள்.

6. கணக்குப் போடுங்கள். 20.5 மீட்டர் உடம்பை 4096 புள்ளி அகலத்தில் கிடத்தினால் மீட்டருக்கு ஏறத்தாழ 200 புள்ளி, அதாவது ஒரு புள்ளிக்கு 5 மில்லிமீட்டர். ரிவெட் தலை ஒவ்வொன்றையும் வரைய ஆசைப்படுவோர் இதைப் பார்த்துவிட்டு ஆசைப்படட்டும். சுருக்காத 4096 படமொன்று நிறமும் ஊடுதெரிவும் சேர்த்து நினைவகத்தில் 64 மெகாபைட் பிடிக்கும். ஊரில் பிள்ளைகள் வைத்திருக்கும் லெப்டொப்பை மறக்காதீர்கள்.

7. வர்ணத்தில் நான் கறாரானவன். லிபரேட்டரின் அசையும் சுக்கான் பகுதிகள் துணி போர்த்தியவை. அங்கே ரிவெட் வரைந்த மொடலைக் கண்டால் மூடிவிடுவேன். எங்கள் பக்கத்துப் பிரித்தானிய விமானங்களின் வட்டச் சின்னத்தில் சிவப்பைத் தேடாதீர்கள். ஜப்பானியரின் செவ்வட்டமென்று சொந்தப் படையே சுட்டுவிடக்கூடும் என்று எடுத்துவிட்டார்கள், நீல வகைகள்தான் மிஞ்சின. வர்ணம் பூசிய தகட்டுக்கு ‘மெட்டாலிக்’ பூச்சியம். வர்ணம் உதிர்ந்து அலுமினியம் தெரியும் இடத்தில் மட்டும் ஒன்று.

8. குண்டு அறைக் கதவுக்குக் கீல் வைக்காதீர்கள். லிபரேட்டரில் அது கடை ஷட்டர் மாதிரி உடம்பின் பக்கமாக மேலே சுருண்டு ஏறும்.

9. திரையைப் பார்த்தே பழகாதீர்கள். இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய், புகை படிந்த இடத்தையும் கால்பட்டுத் தேய்ந்த படியையும் கிட்ட நின்று பாருங்கள். சிகிரியா ஓடுபாதைப் பக்கம் கெமராவோடு போவதென்றால் முதலில் அனுமதி கேளுங்கள். அது விமானப்படை முகாம்.