மேடைக்குப் பின்னால் ஒரு வேலை



போன வருடம் எங்கள் பொறியியல் புலத்தில் ஓர் அனைத்துலக மாநாடு நடந்தது. எனக்குக் கொடுத்த வேலை சின்னதுதான். சிறப்பு விருந்தினர்களின் பெயர், பட்டம், பதவி எல்லாவற்றையும் ஒரு தாளில் தட்டச்சு செய்து அறிவிப்பாளரிடம் தர வேண்டும். முந்திய வருடத்துக் கோப்பு கணினியில் இருந்தது. அதையே எடுத்து, தேதியையும் இரண்டு மூன்று பெயரையும் மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். பத்து நிமிடத்தில் முடித்துவிட்டோமே என்று பெருமை வேறு.

மறுநாள் மேடையில் ஒருவரை "டத்தோ" என்று அழைத்தார்கள். அவர் சில மாதங்களுக்கு முன்புதான் டான் ஸ்ரீ ஆகியிருந்தார். மனிதர் சிரித்துக்கொண்டே மேடை ஏறினார். ஆனால் அவருடன் வந்த அதிகாரி திரும்பி எங்கள் மேசையைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இன்றைக்கும் மறக்கவில்லை.

மதிய உணவு நேரத்தில், மாநாட்டை நடத்திக்கொடுக்க வந்திருந்த நிறுவனத்தைச் சேர்ந்த ஓர் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்லா வாங்கப் போறோம் என்றுதான் நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, இந்தப் பட்டியலுக்கு யாருக்கெல்லாம் போன் பண்ணிக் கேட்டே?" யாருக்கும் பண்ணவில்லை. "அப்போ நீ டைப் பண்ணியிருக்கே, அவ்வளவுதான். வேலை இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

அந்த அக்கா செய்யும் தொழிலைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

நம் வீடுகளில் 'ஈவண்ட்' என்றால் கல்யாண மேடை, பலூன், ஸ்பீக்கர். நான் இதைப் பற்றி வீட்டில் பேசியதும் அம்மா, "இஞ்சினியரிங் படிச்சிட்டு நாற்காலி அடுக்கப் போறியா?" என்றார். நாற்காலியும் அடுக்கத்தான் வேண்டும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பெரிய மாநாடுகளில் 'கான்ஃபரன்ஸ் புரொடியூசர்' என்று ஒருவர் இருப்பார். சினிமாத் தயாரிப்பாளர் மாதிரி பணம் போடுபவர் அல்ல. மண்டபம் பதிவு செய்வதற்கு முன்பே இவருடைய வேலை தொடங்கிவிடும். அந்தத் துறையில் இருப்பவர்களுக்கு வரிசையாகப் போன் செய்து, இப்போது உங்களுக்கு எது தலைவலி, யார் பேசினால் வேலையை விட்டுவிட்டு வந்து கேட்பீர்கள் என்று விசாரிப்பார். அந்தப் பதில்களிலிருந்துதான் தலைப்பும் அமர்வுகளும் பேச்சாளர் பட்டியலும் வருகின்றன. விமானச் சீட்டு, ஓட்டல், சாப்பாடு, பதிவு மேசை பார்ப்பதற்கு வேறு குழு. ஒலி, ஒளி, நேரலைக்கு இன்னொரு குழு. செய்தியாளர் சந்திப்பு, தலைவரின் உரை, பத்திரிகைக் குறிப்பு எல்லாம் தொடர்புத்துறைக்காரர்கள் கையில்.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. 1966-இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. அதற்குப் பின்னால் நின்றவர் தனிநாயகம் அடிகள். அப்போது மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவர். 1952 முதலே 'தமிழ் கல்ச்சர்' என்ற ஆங்கிலக் காலாண்டிதழ் வழியாக, எந்த நாட்டில் யார் தமிழைப் பற்றி ஆராய்கிறார் என்பது அவருக்குத் தெரியும். 1964 ஜனவரியில் கீழ்த்திசை ஆய்வாளர்களின் அனைத்துலக மாநாட்டுக்காகப் பல நாட்டு அறிஞர்கள் தில்லியில் கூடியிருந்தார்கள். அந்தச் சமயத்திலேயே அங்கே அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றம் தொடங்கப்பட்டது. இரண்டே வருடத்தில் கோலாலம்பூர் மாநாடு. இமெயில் கிடையாது, வாட்ஸ்அப் கிடையாது. மேடை அலங்காரம் எப்படி இருந்ததோ, யாருக்கு ஞாபகம் இருக்கிறது? அங்கே படித்த கட்டுரைகள் நூலாக வந்து இன்னும் நூலகத்தில் இருக்கின்றன. என் கணக்கில் அவர் முதல் தரமான புரொடியூசர்.

சரி, பொறியியல் மாணவனுக்கு இங்கே என்ன வேலை? நிறையவே இருக்கிறது. மேடைத் திரைக்குப் படம் அனுப்ப ஒரே கோப்பை இரண்டு கணினிகளில் ஒரே நேரத்தில் ஓட்டுவார்கள். ஒன்று நின்றால் அடுத்த நொடி மற்றதுக்கு மாறிவிடலாம். நாம் வகுப்பில் 'ரிடண்டன்சி' என்று படித்துப் பரீட்சை எழுதுகிறோமே, அதேதான். ஒரே மண்டபத்தில் இருபது கம்பியில்லா மைக் இருந்தால் ஒன்றோடு ஒன்று மோதாமல் அலைவரிசை பிரிக்க வேண்டும். நேரலைக்கு இரண்டு வேறு இணைய இணைப்புகள். நிமிட வாரியாக எழுதிய நிகழ்ச்சி ஓட்டத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, காதில் ஹெட்செட்டோடு "ஸ்டாண்ட்பை... கோ" என்று எல்லோருக்கும் சொல்பவர் ஒருவர் இருப்பார். அவர் சொல்லாமல் ஒரு விளக்குகூட எரியாது.

மொழிபெயர்ப்பாளர்களை மறந்துவிடாதீர்கள். உடனுக்குடன் மொழிபெயர்ப்பவர்கள் கண்ணாடி அறைக்குள் இரண்டு பேராக உட்கார்ந்து, ஏறக்குறைய அரை மணி நேரத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். அதற்கு மேல் மூளை தாங்காது. உரையின் நகல் முன்கூட்டியே அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அனுப்ப மறந்தால் தடுமாறுவது அவர்கள், தப்பு நம்முடையது.

அடுத்தது மரபு நெறி. 2025 அக்டோபரில் கோலாலம்பூர் ஆசியான் உச்சநிலை மாநாட்டில் திமோர் லெஸ்தே 11-ஆவது உறுப்பு நாடாகச் சேர்ந்தது. செய்தியில் அது ஒரு வரி. ஏற்பாட்டாளருக்கு? கொடிகள் ஆங்கில அகர வரிசையில் நிற்கும். தாய்லாந்துக்கும் வியட்நாமுக்கும் நடுவில் ஒரு கம்பம் புதிதாக வர வேண்டும். மேசை, பெயர்ப் பலகை, குழுப்படத்தில் நிற்கும் இடம் எல்லாமே மாறும். நம் நாட்டு விழாக்களில் பிரதமருக்கு 'யாங் அமாட் பெர்ஹோர்மாட்', அமைச்சருக்கு 'யாங் பெர்ஹோர்மாட்' என்று விளிப்பிலேயே வித்தியாசம் உண்டு. இதையெல்லாம் வெறும் சடங்கு என்று நானும் சிரித்தவன்தான், அந்த டான் ஸ்ரீ விஷயம் நடக்கும் வரைக்கும்.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நிகழ்ச்சி வாரத்தில் தூக்கம் இருக்காது. சனி, ஞாயிறு நம் கையில் இல்லை. தனியாளாக ஒப்பந்தத்தில் வேலை செய்தால் பணம் தாமதமாக வரும், சில நேரம் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டும். வேலை நன்றாக நடந்தால் யாருக்கும் உங்கள் பெயர் தெரியாது, கெட்டால் எல்லோருக்கும் தெரியும். பாராட்டு வேண்டுபவர்களுக்கு இது சரிப்படாது என்றுதான் எனக்குப் படுகிறது. அனுபவம் சேர்ந்த பிறகு 'சர்டிஃபைட் மீட்டிங் புரொஃபெஷனல்' என்ற அனைத்துலகத் தகுதித் தேர்வு எழுதலாம். ஆனால் படிக்கும் காலத்தில் அதைவிட முக்கியம், மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் பிழையில்லாமல் ஒரு கடிதம் எழுதத் தெரிவது. மூன்றும் பேசத் தெரியும் என்று சொல்வோம். எழுதச் சொன்னால்தான் தெரியும் நம் லட்சணம்.

ஒரு பயிற்சி. உங்கள் கிளையின் அடுத்த நிகழ்ச்சி திருமுறை ஓதும் போட்டியாக இருக்கட்டும், விளையாட்டுப் போட்டியாக இருக்கட்டும், ஒரு ஓட்டத் தாள் எழுதுங்கள். நிமிடம், என்ன நடக்கிறது, யார் பொறுப்பு, அது நடக்காவிட்டால் என்ன செய்வது என்று நான்கு கட்டங்கள். நான்காவது கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். முடித்ததும் விருந்தினர் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவர் அலுவலகத்துக்கும் போன் செய்து பெயரையும் பட்டத்தையும் எழுத்துக்கூட்டிக் கேளுங்கள். நிகழ்ச்சிக்கு முந்திய நாள் மாலை இன்னொரு தடவை கேளுங்கள்.