அட்வான்ஸ் திரும்ப வரவில்லையா? வக்கீல் செலவுக்குப் பயப்படாதீர்கள்

கோத்தகிரியில் வாடகை வீட்டைக் காலி செய்த பலர், வக்கீல் செலவு அட்வான்ஸையே விழுங்கிவிடும் என்று பயந்து அந்தப் பணத்தைக் கைகழுவிவிடுகிறார்கள். அப்படி விடத் தேவையே இல்லை. ஊட்டிக்குப் பஸ் ஏறும் முன் கோத்தகிரி நீதிமன்றத்துக்குப் போய், வட்ட சட்டப்பணிகள் குழுவைக் கேளுங்கள். தகுதி இருந்தால் வக்கீல் கட்டணம், கோர்ட் கட்டணம், டைப்பிங், நகல் செலவு எதுவும் உங்கள் தலையில் விழாது. 1987ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை இது. போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணில் பேசலாம்.

யாருக்குத் தகுதி என்பதில்தான் நம் ஊரில் குழப்பம் அதிகம். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது; அரசு வேலையில் இருக்கும் பெண்ணும் கேட்கலாம். பட்டியல் சாதியினர், தோடர், கோத்தர், இருளர், குறும்பர் போன்ற பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கும் அப்படியே. படுகர் சமூகம் பழங்குடிப் பட்டியலில் இல்லாததால், படுக ஆண்கள் பெரும்பாலும் வருமான வரம்பின் கீழ்தான் வர வேண்டியிருக்கும். அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு அந்தத் தடை இல்லை. வருமானச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசில் நாள்கணக்கில் நிற்க வேண்டாம். உறுதிமொழிப் பத்திரத்தையே போதுமானதாக ஏற்கச் சட்டம் இடம் தருகிறது.

அட்வான்ஸ் விஷயத்துக்கு வருவோம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதி திரும்ப வர வேண்டும். குடியிருக்கும்போதே தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தி விரட்டப் பார்த்தால், அதைத் தடுக்க வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: எழுத்தில் ஒப்பந்தம் போடாமல் இருப்பதையே காரணம் காட்டி வீட்டைக் காலி செய்யச் சொல்லி உரிமையாளர் மனுப் போட முடியும். வாய்ப்பேச்சை நம்பிக் குடியிருப்பவர்கள் இன்றைக்கே எழுதிப் பதிவு செய்யுங்கள். வாடகையைக் கையில் கொடுக்காமல் ஜிபேயிலோ வங்கியிலோ அனுப்புங்கள்.

சட்டப்பணிகள் குழு எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்பி மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசவைக்கலாம். அங்கே ஏற்கும் முடிவு சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. அதனால் தொகையும் தேதியும் எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

எஸ்டேட் லைன் வீடுகளுக்கு வாடகைச் சட்டம் பொருந்தாது; வேலையோடு சேர்ந்து வரும் வீடு என்பதால் விலக்கு உண்டு. அதனால் உரிமையே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தொழிலாளிக்கு வீடு தருவது நிர்வாகத்தின் கடமை என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே வகுத்தது. 2020ஆம் ஆண்டுத் தொழில்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. ஒழுகும் கூரைக்கும் இதே குழுவிடம் ஆலோசனை கேட்கலாம்.

கடையில் வாங்கிய பொருளில் குறை என்றால் வழி வேறு. முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. கோயம்புத்தூர்க் கடையில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். சொந்தத் தோட்டத்தில் கவாத்து செய்ய மெஷின் வாங்கிய சிறு தேயிலை விவசாயியை 'வியாபாரத்துக்கு வாங்கியவர்' என்று கடைக்காரர் தட்டிக்கழிக்கக்கூடும். சுயதொழிலாக, பிழைப்புக்காக மட்டுமே வாங்கி அவரே பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் போக வேண்டும். கடைக்காரர் 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்று இழுப்பது அந்தக் காலத்தைத்தான் தின்னும். ஆகவே பில், வாரண்டி அட்டை, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி, முதல் மாதமே பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். ஒருநாள் கூலி போகாமல் இருக்க, காணொலியில் விசாரிக்கும்படியும் ஆணையத்தைக் கேட்கலாம்.

சட்டப்பணிகள் குழு இலவசமாக நியமித்த வக்கீல் உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. 'செலவுக்கு' என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள். குழுவின் தலைவர் நீதிபதி. அவரிடம் எழுதிக் கொடுத்து வேறு வக்கீல் கேளுங்கள்.