அரிக்கும் இரசாயனமும் பிளாஸ்டிக் தாங்கியும்

க.பொ.த. (சாதாரண தரம்) – விஞ்ஞானம் – மீட்டல் பாடம்

இப்பாடத்தைக் கற்ற பின் உங்களால் முடிய வேண்டியவை:
• நீர் சுத்திகரிப்பில் பயன்படும் அரிக்கும் பொருட்களைப் பெயரிடல்
• பிளாஸ்டிக் தாங்கி ஏன் தெரிவு செய்யப்படுகிறது என்பதையும் அதன் குறைபாடுகளையும் விளக்கல்
• தாங்கி தொடர்பான எளிய கணக்குகளைச் செய்தல்
• விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டியதைக் கூறல்

1. அறிமுகம்

மாணவர்களே, பெருமழை பெய்த மறுநாள் சுது கங்கையைப் பார்த்திருப்பீர்கள். மண் கரைந்து, பால்தேநீர் நிறத்தில் ஓடும். இத்தகைய ஆற்று நீர் குழாய்நீராக மாறுவதற்கு முன் அதில் மூன்று வகைப் பொருட்கள் சேர்க்கப்படுகின்றன.

(அ) அலுமினியம் சல்பேற்று: நீரில் மிதக்கும் நுண்ணிய களித் துணிக்கைகளை ஒன்றுசேர்த்துப் படியச் செய்யும். இதன் கரைசல் அமிலத்தன்மையானது.
(ஆ) சுண்ணாம்பு, அதாவது கல்சியம் ஐதரொட்சைட்டு: நீரின் பீ.எச். பெறுமானத்தைச் சரிசெய்யும். இது காரத்தன்மையானது.
(இ) குளோரீன் அல்லது சோடியம் ஐப்போகுளோரைற்று: கிருமிகளை அழிக்கும்.

குளோரீன் இட்டு 30 நிமிடங்களின் பின், ஒரு லீற்றர் நீரில் குறைந்தது 0.5 மில்லிகிராம் குளோரீன் மீதமிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். குடிநீரில் இவ்வளவு சிறிதாக இருக்கும் பொருள், சுத்திகரிப்பு நிலையத்தின் களஞ்சியத்தில் செறிந்த நிலையில், தொன் கணக்கில் இருக்கும். நீரில் நம்மைக் காப்பாற்றும் பொருளே தாங்கியில் ஆபத்தானது. இப்பாடத்தின் மையக் கருத்து இதுவே.

2. ஓர் உண்மைச் சம்பவம்

1988 ஜூலை 6ஆந் திகதி, இங்கிலாந்தின் கோர்ன்வோல் பகுதியில் உள்ள ஒரு நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு 20 தொன் அலுமினியம் சல்பேற்றுக் கரைசலுடன் ஒரு பவுசர் வந்தது. சாரதி அந்த இடத்துக்குப் புதியவர். நிலையத்தில் அவருக்கு வழிகாட்ட எவரும் இருக்கவில்லை. களஞ்சியத் தாங்கியில் இறக்க வேண்டிய கரைசலை, சுத்திகரித்து முடிந்த குடிநீர் இருந்த தாங்கியில் இறக்கிவிட்டார்.

கமல்போர்ட் நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த சுமார் 20,000 பேருக்கு அந்த நீர் சென்றது. அமிலத்தன்மை கூடிய நீர், வீட்டுக் குழாய்களிலிருந்த செம்பையும் கரைத்து எடுத்தது. நடந்தது என்ன என்பது மக்களுக்கு இரண்டு வாரங்களுக்கு மேல் தெளிவாகச் சொல்லப்படவில்லை.

இங்கு தாங்கி உடையவில்லை, இரசாயனமும் தரம் குறைந்ததல்ல. "எந்தத் தாங்கி?" என்ற கேள்வியை எவரும் கேட்காததே தவறு.

3. ஏன் பிளாஸ்டிக் தாங்கி?

இரும்புத் தாங்கியில் ஐதான ஐதரோகுளோரிக்கமிலத்தை இட்டால் நிகழும் தாக்கம்:

இரும்பு + ஐதரோகுளோரிக்கமிலம் → இரும்புக் குளோரைட்டு + ஐதரசன்

இரும்பு கரைந்து தாங்கி ஓட்டையாகும். வெளிவரும் ஐதரசன் தீப்பற்றக்கூடியது. பொலித்தீன் என்பது காபன், ஐதரசன் அணுக்களாலான நீண்ட சங்கிலிகளைக் கொண்ட பல்பகுதியம். அது உலோகத்தைப் போல் இலத்திரன்களை இழந்து கரைவதில்லை. ஆகவே பல அமிலங்களையும் காரங்களையும் தாங்கும். பாரம் குறைவு, துருப்பிடிக்காது என்பனவும் அதன் நன்மைகள்.

4. பிளாஸ்டிக்கின் குறைபாடுகள்

"பிளாஸ்டிக் எதையும் தாங்கும்" என்று எழுதும் மாணவர் புள்ளியை இழப்பார். பின்வருவனவற்றை நினைவில் வையுங்கள்.

• சூரிய ஒளியின் ஊதாக் கடந்த கதிர்கள் படப்பட, பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மை அடையும்.
• செறிந்த நைத்திரிக்கமிலம் போன்ற வலிமையான ஒட்சியேற்றிகள் பொலித்தீனையும் தாக்கும்.
• வெப்பத்தில் பிளாஸ்டிக் மென்மையாகி, சுவர் புடைக்கலாம்.
• தாங்கி பிளாஸ்டிக்காக இருந்தாலும், அதில் பொருத்திய உலோக ஆணியும் குழாய் வாயிலும் அரிக்கப்படலாம். கசிவு பெரும்பாலும் இணைப்புகளிலேயே தொடங்கும்.
• சோடியம் ஐப்போகுளோரைற்று வெப்பத்தாலும் ஒளியாலும் பிரிகையடையும். அப்போது ஒட்சிசன் வாயுவும் தோன்றும். காற்றுத் துளை இல்லாமல் இறுக மூடினால் உள்ளே அமுக்கம் கூடித் தாங்கி வெடிக்கலாம்.

5. கணக்கு: பாரமும் அமுக்கமும்

கூரையில் நீருக்காக வைத்திருக்கும் தாங்கியை இரசாயனத்துக்குப் பயன்படுத்தலாமா? 1000 லீற்றர் கொள்ளளவில் பார்ப்போம்.

நீர்: 1000 கிலோகிராம்
சோடியம் ஐப்போகுளோரைற்றுக் கரைசல் (செறிந்தது): சுமார் 1200 கிலோகிராம்
செறிந்த சல்பூரிக்கமிலம்: சுமார் 1840 கிலோகிராம்

திரவ அமுக்கம் = உயரம் × அடர்த்தி × புவியீர்ப்பு ஆர்முடுகல்

திரவ நிரலின் உயரம் 2 மீற்றர் எனவும் ஆர்முடுகல் 10 எனவும் கொண்டால்:
நீர்: 2 × 1000 × 10 = 20,000 பஸ்கால்
சல்பூரிக்கமிலம்: 2 × 1840 × 10 = 36,800 பஸ்கால்

அடித்தளத்தில் அமுக்கம் ஏறக்குறைய இருமடங்கு. எனவே நீருக்கென வார்த்த தாங்கி அமிலத்துக்குப் பொருந்தாது. தாங்கியை வாங்கும்போது கொள்ளளவை மட்டுமன்றி, எந்தப் பொருளுக்கு, எந்த அடர்த்திக்கு அது செய்யப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும்.

6. ஒன்றோடொன்று சேரக் கூடாதவை

சோடியம் ஐப்போகுளோரைற்று + ஐதரோகுளோரிக்கமிலம் → சோடியம் குளோரைட்டு + நீர் + குளோரீன் வாயு

2016 ஒக்டோபர் 21ஆந் திகதி, அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் அட்ச்சிசன் என்ற ஊரிலுள்ள தொழிற்சாலையில், சல்பூரிக்கமிலம் தவறுதலாக ஐப்போகுளோரைற்றுத் தாங்கியில் இறக்கப்பட்டது. எழுந்த நச்சு வாயுவால் 140க்கும் மேற்பட்டோர் மருத்துவ உதவி நாடினர். இரு தாங்கிகளையும் நிரப்பும் குழாய்வாய்கள் அருகருகே, ஒரே தோற்றத்தில் இருந்தமை விசாரணையில் தெரியவந்தது.

7. களஞ்சியப்படுத்தும் விதிகள்

1. ஒவ்வொரு தாங்கியிலும் நிரப்பும் குழாய்வாயிலும் பொருளின் பெயரும் அபாயக் குறியீடும் பெரிதாக எழுதப்பட வேண்டும்.
2. அமிலமும் ஐப்போகுளோரைற்றும் வெவ்வேறு அறையில், வெவ்வேறு தடுப்புச் சுவருக்குள் இருக்க வேண்டும்.
3. நிரப்பும் வாய் பூட்டியிருக்க வேண்டும். பொறுப்பாளர் வந்து பார்த்த பின்னரே பவுசரிலிருந்து இறக்க வேண்டும்.
4. நிழலும் காற்றோட்டமும் அவசியம்.
5. கசிந்தால் தேங்கி நிற்க, தாங்கியைச் சுற்றித் தடுப்புச் சுவர் கட்ட வேண்டும். அதன் கொள்ளளவு, மிகப் பெரிய தாங்கியின் 110 சதவீதமாக இருப்பது வழக்கம். 1000 லீற்றர் தாங்கிக்கு 1100 லீற்றர், அதாவது 1.1 கன மீற்றர். தளம் 2 மீற்றர் × 2 மீற்றர் எனின் சுவரின் உயரம் 1.1 ÷ 4 = 0.275 மீற்றர்.
6. வெடிப்பு, புடைப்பு, நிறமாற்றம் உண்டா என ஒழுங்காகப் பரிசோதிக்க வேண்டும்.

கசிவைச் சிறிதென எண்ணக் கூடாது. 2021 மே மாதத்தில் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றிய எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலில் 25 தொன் நைத்திரிக்கமிலம் இருந்தது. கொழும்பை அடையுமுன்னரே கொள்கலன் ஒன்றிலிருந்து அமிலம் கசிந்தது தெரிந்திருந்தது. கப்பல் ஜூன் 2ஆந் திகதி மூழ்கத் தொடங்கியது. நமது கடற்கரை பட்ட பாட்டை நாம் அறிவோம்.

8. நமது வீட்டிலும் தோட்டத்திலும்

கிணற்றுக்கு இடும் வெளிற்றும் தூள், மலசலகூடம் கழுவும் அமிலம், இறப்பர் பாலை உறையச் செய்யும் போமிக்கமிலம் ஆகியன நமது மாவட்டத்தில் பலர் கையாளும் பொருட்கள். இவற்றைச் சோடாப் போத்தலிலோ தண்ணீர்ப் போத்தலிலோ ஊற்றி வைக்காதீர்கள். பாடசாலை விட்டுத் தாகத்தோடு வரும் தம்பிக்கு அது தண்ணீராகவே தெரியும். வெளிற்றும் தூளை உலர்ந்த, மூடியுள்ள பிளாஸ்டிக் கலத்தில், மண்ணெண்ணெய்க்கும் உரத்துக்கும் தூரமாக வையுங்கள். மலசலகூடம் கழுவும்போது அமிலத்தையும் குளோரீன் திரவத்தையும் சேர்த்து ஊற்றாதீர்கள்.

9. விபத்து நேர்ந்தால்

• தோலிலோ கண்ணிலோ பட்டால், ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும்.
• விழுங்கியவரை வாந்தியெடுக்க வைக்கக் கூடாது. 1990 இலக்கத்துக்கு அழைத்து, கலத்தையும் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.
• குளோரீன் காற்றை விட ஏறக்குறைய 2.5 மடங்கு அடர்த்தியானது. பள்ளத்தில் தேங்கும். எனவே காற்று வரும் திசையை நோக்கி, மேட்டுக்கு ஏற வேண்டும்.
• பாதுகாப்பு அங்கியும் சுவாசக் கருவியும் இன்றித் தாங்கிக்குள் இறங்கக் கூடாது. 2018 ஏப்ரலில் ஹொரணைப் பகுதி இறப்பர்த் தொழிற்சாலையொன்றில் அமோனியாத் தாங்கியில் விழுந்தவரைக் காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்து ஐவர் உயிரிழந்தனர்.

10. மாதிரி வினா

"அமிலத்தைப் பிளாஸ்டிக் தாங்கியில் வைத்தால் ஆபத்தில்லை." இக்கூற்றை ஆராய்க. (5 புள்ளிகள்)

விடை: பொலித்தீன் பல அமிலங்களால் அரிக்கப்படாது (1). ஆனால் செறிந்த நைத்திரிக்கமிலம் போன்றவை அதைத் தாக்கும் (1). அமிலத்தின் அடர்த்தி கூடியதால் சுவர்மீது அமுக்கம் அதிகம் (1). ஐப்போகுளோரைற்றுடன் கலந்தால் குளோரீன் வெளிவரும் (1). எனவே பொருளுக்கேற்ற தாங்கி, பெயர் எழுதுதல், தனி அறை, தடுப்புச் சுவர் ஆகியன தேவை. கூற்று முழுமையானதன்று (1).

நினைவில் வைக்க: எந்தப் பொருள்? எந்தத் தாங்கி? எதன் அருகில்? இம்மூன்று கேள்விகளும் பரீட்சைத் தாளுக்கு மட்டும் உரியவையல்ல. நாளை நீங்கள் ஒரு தொழிற்சாலையிலோ நீர் நிலையத்திலோ வேலைக்குச் சேர்ந்தால், மூடியைத் திறக்குமுன் இவற்றைக் கேளுங்கள்.