வாட்ஸ்அப்பில் அரசியல் பேசுகிறீர்களா?

பனியன் கம்பெனியில் டீ டைம் விட்டால் பாதிப் பேச்சு டெல்லி அரசியல்தான். பேசுங்கள், தப்பில்லை. ஃபார்வர்டு பண்ணும் முன் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள்.

வரி பற்றிய சண்டையா? கட்சிக்காரர் பதிவை விட்டுவிட்டு விகிதத்தைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள ஆடைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18. முன்பு 1,000 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 12. ஆக, “குறைத்துவிட்டார்கள்” என்பவரும் சரி, “ஏற்றிவிட்டார்கள்” என்பவரும் சரி! எந்த விலைச் சட்டை என்று கேளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீரும். மத்திய அரசு அறிவிப்புகள் பி.ஐ.பி. (பத்திரிகை தகவல் அலுவலகம்) தளத்தில் தமிழிலேயே கிடைக்கின்றன.

வீடியோ வந்தால் இன்னும் நிதானம் வேண்டும். 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குவதாகப் பரவிய வீடியோக்கள் பொய் என்று காவல்துறை அறிவித்தது. அவற்றில் ஒன்று, பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள்ளேயே போட்டுக்கொண்ட சண்டை. பீகார் அதிகாரிகள் குழு திருப்பூர் வரை வந்து விசாரிக்க வேண்டியதாயிற்று. எனவே வீடியோவை நிறுத்தி, கடைப் பலகை, வண்டி நம்பர், பேசும் மொழி மூன்றையும் பாருங்கள். ஸ்கிரீன்ஷாட்டை கூகுள் லென்ஸில் போட்டால் பழைய காட்சி பல நேரம் மாட்டிக்கொள்ளும்.

கம்பெனி குரூப்பில் ஷிப்ட் விஷயம் மட்டும் போதும். சூப்பர்வைசரோடு கட்சிச் சண்டை எதற்கு?

பக்கத்து மெஷினில் தைக்கும் ஒடிசாக்காரருக்கு இந்தியில் ஏதாவது பயமுறுத்தும் செய்தி வந்தால், அவரோடு உட்கார்ந்து சரிபார்த்துச் சொல்லுங்கள்.