படம் நம்மளது, உரிமை யாரோடது?

போன வருஷம் நாங்க அஞ்சு பேர் சேர்ந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் 12 நிமிஷ த்ரில்லர் குறும்படம் ஒண்ணு எடுத்தோம். நைட் ஷிஃப்ட் முடிஞ்சு நடந்து வர்ற ஒருத்தர், வரிசையா நிக்கிற லாரிகள், ஒரு டார்ச் லைட். அவ்வளவுதான் கதை. செலவு 9,000 ரூபாய், அதுல பாதி சாப்பாட்டுக்கும் பெட்ரோலுக்கும்!

ஒரு யூடியூப் சேனல்காரங்க "நாங்க ரிலீஸ் பண்றோம்"னு மெயில் அனுப்பினாங்க. சந்தோஷத்துல சரியா படிக்காமலே கையெழுத்துப் போட்டு ஸ்கேன் பண்ணி அனுப்பிட்டோம். ஆறு மாசம் கழிச்சு அதே படத்தை எங்க சொந்த சேனல்ல ஏத்தினா, காப்பிரைட் கிளெய்ம் வந்து நிக்குது. கடுப்பாகி ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தா, "எல்லா ஊடகங்களிலும், எப்போதும்"னு எழுதிக் கொடுத்ததே நாங்கதான்.

அப்போ வந்த கேள்விதான் இந்தக் கட்டுரை: ஒரு சின்ன ஸ்டுடியோ சொந்தமா ஸ்ட்ரீமிங் சேனல் நடத்த என்ன வேணும்?

நடத்திக் காட்டினவங்க

1974-ல் லாய்ட் காஃப்மன், மைக்கேல் ஹெர்ஸ் என்ற இரண்டு நண்பர்கள் நியூயார்க்கில் தொடங்கிய நிறுவனம் ட்ரோமா. பெரிய ஸ்டார் கிடையாது, பட்ஜெட்டும் கம்மி. பேயும் ரத்தமும் கிண்டலும் கலந்த படங்கள்தான் இவர்களின் அடையாளம். 1984-ல் வந்த 'தி டாக்ஸிக் அவெஞ்சர்' அதில் ரொம்பப் பிரபலம். 2012-ல் நிறைய படங்களை யூடியூபில் இலவசமாகவே விட்டார்கள். 2015-ல் 'ட்ரோமா நவ்' என்ற சந்தா சேவையைத் தொடங்கினார்கள். இது எப்படி முடிந்தது? ஒரே ஜானரில் விடாமல் படம் சேர்த்தார்கள், உரிமையைக் கையில் வைத்திருந்தார்கள்.

சேலத்துக் கணக்கு

படம் சேர்க்கிற வேலையை நம்ம ஊர்ல எப்பவோ செஞ்சாச்சு. டி.ஆர்.சுந்தரம் 1935-ல் சேலத்தில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் 100 படங்களுக்கு மேல் எடுத்தது. முழு நீளத் தமிழ் வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) அங்கே உருவானதுதான். அப்புறம் ஜெய்சங்கரை வைத்து 'இரு வல்லவர்கள்', 'வல்லவன் ஒருவன்' (இரண்டும் 1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) என்று வரிசையாகப் படங்கள்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. 100 படம், சராசரி இரண்டரை மணி நேரம்னு வெச்சா 250 மணி நேரம். ஒரு 24 மணி நேர சேனலை 10 நாள், ஒரு படத்தைக்கூட திரும்பப் போடாமல் ஓட்டலாம். எங்க படத்தை மட்டும் ஓட்டினா ஒரே நாளில் 120 தடவை!

டெக்னிக்கல் பக்கம்

ஒவ்வொரு படத்தையும் 1080, 720, 480 என்று பல தரத்தில் என்கோட் பண்ணுவார்கள். பிறகு சில விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒரு பட்டியல் கோப்பில் வரிசைப்படுத்துவார்கள். இந்த முறைக்குப் பெயர் ஹெச்.எல்.எஸ். கும்மிடிப்பூண்டி லோக்கல்ல போகும்போது சிக்னல் குறைஞ்சா, போன் தானாகவே அடுத்த துண்டை 480-ல் எடுத்துக்கும். விளம்பரம் வரவேண்டிய இடத்தில் ஒரு குறியீடு வைத்தால், சர்வர் அங்கே விளம்பரத்தை ஒட்டிவிடும். எஃப்.எஃப்.எம்பெக் தெரிஞ்ச தேர்ட் இயர் பசங்களே இதோட அடிப்படையைச் செஞ்சு பார்க்கலாம். கோடு எழுதி வாங்க முடியாத ஒண்ணு, உரிமை.

கையெழுத்துக்கு முன்னாடி

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 சொல்வதில் நமக்குத் தேவையானவை:

1. படத்தின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1966-ல் வந்த படத்துக்கு 2026 முடியும் வரை. கதை, பாட்டு, இசைக்குத் தனித்தனிக் கணக்கு உண்டு.

2. உரிமையை எழுத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் மாற்றிக் கொடுக்க முடியும். எத்தனை வருஷம் என்று எழுதாவிட்டால் 5 ஆண்டுகள். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்.

3. கையெழுத்துப் போடும்போது புழக்கத்தில் இல்லாத ஊடகத்தை ஒப்பந்தம் பெயர் சொல்லிக் குறிப்பிடாவிட்டால், அந்த உரிமை போகாது. இது 2012 திருத்தம்.

4. படத்துக்கு முன்முயற்சியும் பொறுப்பும் எடுப்பவரே சட்டப்படி தயாரிப்பாளர். அஞ்சு பேர் சேர்ந்து எடுத்தால் அது யார் என்று ஷூட்டிங்குக்கு முன்பே எழுதி வையுங்கள்.

கவனிச்சீங்களா? காலத்தைப் பத்தி ஒண்ணுமே எழுதாம விட்டிருந்தாகூட 5 வருஷத்துல படம் எங்க கைக்கு வந்திருக்கும். "எப்போதும்" என்ற ஒரே வார்த்தை அதைக் கெடுத்துடுச்சு.

அடுத்த படத்துக்கு ஸ்கிரிப்ட் ரெடி. யாராவது கேட்டா எங்க பதில்: "ரெண்டு வருஷம், யூடியூப் மட்டும், எங்க சேனல்லயும் போட்டுப்போம்." இதே மாதிரி 12 நிமிஷப் படம் பத்து சேர்ந்தா ரெண்டு மணி நேரம். ஒரு சாயங்கால ஷோவுக்கு அது போதும்.