ஒருவரையே பற்றிக்கொள்ளும் உள்ளமும் அதற்கான வைத்தியமும்



சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொல்லிவிட்டால் மறுநாளே தேத்தண்ணீரில் சீனியைக் குறைத்துக்கொள்கிறோம். பல்லில் வலி கண்டால் கடையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வைத்தியரிடம் ஓடுகிறோம். உள்ளத்தில் உண்டாகும் கோளாறுக்கு மட்டும், "போகப் போகச் சரியாகிவிடும்" என்று நாளைக் கடத்துவது நம்மவரிடையே வெகுகாலமாக இருந்து வரும் வழக்கம். அவ்விதக் கோளாறுகளில் ஒன்றை இம்முறை பாடமாக எடுத்துக்கொள்வோம். ஒரு மனிதரின் நிம்மதி முழுவதும் இன்னொரு மனிதரின் கையில் போய்ச் சேர்ந்துவிடுவதே அது.

பாலிங்கிலும் கூலிமிலும் உள்ள நம் கடைகளில் இப்படியொரு வாலிபர் இருப்பதாக நினைத்துப் பாருங்கள். ஊரிலிருந்து பெர்மிட்டில் வந்தவர். கலியாணமாகி ஏழெட்டு மாதந்தான். கல்லாவில் நிற்கும்போதும் கண் போன் மீதே இருக்கும். மனைவி இரண்டு தரம் எடுக்காவிட்டால் முகம் வெளுத்துவிடும். பத்து ரிங்கிட்டை வாங்கிக்கொண்டு ஐம்பதுக்குச் சில்லறை கொடுப்பார். "நானா, அவ போனை எடுக்கலை, என்னமோ ஆயிட்டுது" என்று முதலாளி முன் வந்து நிற்பார். பிறகு மாமியாருக்கு, மச்சினனுக்கு, அண்டை வீட்டுக்கு என்று வரிசையாக அழைப்பு. அவள் குரலைக் கேட்டதும் ஐந்து நிமிடம் ஆறுதல். அப்புறம் "ஏன் எடுக்கலை" என்று சண்டை. அந்தப் பக்கத்தில் அந்தப் பெண்ணோ, குளிக்கப் போனாலும் போனைக் கையோடு கொண்டுபோகிறாள். கூட இருப்பவர்கள் இதைப் "பாசம் ஜாஸ்தி" என்று சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள்.

இது பாசமா, நோயா என்று எப்படிப் பிரித்தறிவது? பாசம் உள்ளவரும் பிரிவில் வருந்துவார். ஆனால் உண்பார், உறங்குவார், தம் வேலையைப் பார்ப்பார். மற்றவருக்கோ அந்த ஒருவர் இல்லாவிட்டால் தாம் ஒன்றுமில்லை என்று தோன்றும். சிறு முடிவுக்கும் அவர் வாய் பார்ப்பார். அவர் கோபித்தால் உலகமே இடிந்ததாக எண்ணுவார். இழிவாக நடத்தினாலும் விட்டு விலக அஞ்சுவார். ஒரே மொத்தக்கடையில் மட்டும் கடனுக்குச் சரக்கு எடுப்பவனின் நிலைமை நமக்குத் தெரியாததல்ல. அந்தக் கடை ஒரு நாள் கதவடைத்தால் இவன் கடையும் அன்றே காலி. கணவன் மனைவிக்குள் மட்டும் இது உண்டாகிறதென்று எண்ண வேண்டாம். மகனுக்குக் கலியாணமான பிறகும் அவனை மணிக்கொரு தரம் அழைக்கும் தாயிடமும், கூட்டாளி ஒருவரின் சொல்லுக்காகவே வாழும் நண்பரிடமும் இதே கோளாறைக் காணலாம்.

"அந்தக் காலத்தில் ரஜூலா கப்பலில் பினாங்குக்கு வந்து இறங்கிய சபராளிகளுக்கு இந்தத் தொல்லை இருந்ததா? கடிதம் வந்து சேரவே நாள் கணக்காகுமே!" என்று பெரியவர்கள் சிலர் கேட்கிறார்கள். இருந்தது என்பதே நமது அபிப்பிராயம். அன்று போன் இல்லாததால் அது வெளியே சத்தம் போடவில்லை, அவ்வளவுதான்.

இது மேல்நாட்டார் புதிதாகக் கண்டுபிடித்த வியாதி என்று சொல்வாரும் உண்டு. அவர்கள் இப்னு சீனாவை மறந்துவிட்டார்கள். 980-ஆம் ஆண்டில் புகாராவுக்கு அருகே பிறந்து 1037-இல் ஹமதானில் மரணமடைந்த அந்த ஹக்கீம், 'அல்-கானூன்' என்னும் தம் பெரும் வைத்திய நூலில், மூளையைச் சேர்ந்த நோய்களின் வரிசையில் 'இஷ்க்' என்பதற்குத் தனி இடம் கொடுத்திருக்கிறார். ஒருவரின் நினைவையே இடைவிடாமல் மனத்தில் ஓட்டி ஓட்டி, மனிதன் தனக்குத் தானே வரவழைத்துக்கொள்ளும் வஸ்வாஸ் போன்ற நோய் என்பது அவர் தரும் விளக்கம். கண் குழி விழும். நாடி ஒழுங்கு தவறும். யாரை நினைத்து உருகுகிறான் என்பதை நோயாளி சொல்ல மறுத்தால், அவன் நாடியில் விரலை வைத்துக்கொண்டு பல பெயர்களையும் தெருக்களையும் ஊர்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். எந்தப் பெயரில் நாடி துள்ளுகிறதோ அதுவே விடை. இதைத் தாமே சோதித்துப் பார்த்ததாகவும் எழுதுகிறார். மார்க்கமும் சட்டமும் அனுமதித்தால் சேர்த்து வைப்பது, இல்லையேல் மனத்தை வேறு காரியங்களில் ஈடுபடுத்துவது, தக்கவரைக் கொண்டு புத்தி சொல்வது என்று வைத்தியமும் கூறுகிறார். அவருக்கும் முந்தியவரான அபூ ஜைத் அல்-பல்கீ (மரணம் 934) உடலின் நலம், உள்ளத்தின் நலம் இரண்டையும் ஒரே நூலின் இரு பகுதிகளாக எழுதி வைத்தார்.

நம் முன்னோர் இவ்வளவு தெளிவாக இருந்திருக்க, நாம் தாயத்து ஒன்றைக் கட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வது சரியா? துஆ வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. துஆவோடு மருந்தும் வேண்டும் என்பதற்கு இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியைவிடக் கசப்பான சாட்சி கிடையாது. 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓடவும் முடியாமல் கருகினர். 28 பேர் மாண்டனர். பின்னாளில் அதே ஏர்வாடியில், ஜியாரத்துக்கு வருவோருக்கு மனநல மருத்துவரும் மருந்தும் கிடைக்க ஏற்பாடு செய்து, அதற்கு 'தவா-துஆ' என்று பெயரும் வைத்தார்கள். நம் வாலிபரின் கோளாறு அவ்வளவு கடுமையானதல்ல என்பது மெய். ஆனால் உள்ளத்து நோய் என்றதும் வைத்தியரை விட்டு ஒதுங்கும் பழக்கம் இரண்டுக்கும் பொது.

மனநல ஆலோசகரிடம் போனால் என்ன செய்வார்? நாடி பிடிக்கமாட்டார், ஆனால் இப்னு சீனாவைப் போலவே, எந்த இடத்தில் மனம் துள்ளுகிறது என்று தேடுவார். பெரும்பாலும் வாரம் ஒரு முறை, சுமார் ஒரு மணி நேரம் பேச்சு. போன் எடுக்கப்படாத அந்த நிமிடத்தில் என்ன நினைப்பு வந்தது, அது நடந்ததா, சிறு வயதில் யாரையாவது இழந்த பயம் உண்டா என்று விசாரிப்பார். பிறகு சிறு சிறு வேலைகள் கொடுப்பார்: இன்று ஒரு மணி நேரம் அழைக்காமல் இருந்து பாருங்கள், அடுத்த வாரம் இரண்டு மணி நேரம், மனம் பதறினால் பதற்றத்தை எழுதி வையுங்கள், விட்டுப்போன சிநேகிதர்களில் ஒருவரைப் போய்ப் பாருங்கள். பதற்றம் ஏறி, உச்சிக்குப் போய், தானே இறங்குவதை நோயாளி தம் கண்ணாலேயே காண்பார். மனைவியைக் கைவிடச் சொல்வாரோ என்ற பயம் வேண்டாம். ஆனால் அடியும் மிரட்டலும் உள்ள வீடாயிருந்தால் கதை வேறு. அங்கே பற்றிக்கொண்டிருப்பவரை முதலில் காப்பாற்ற வேண்டும். அதற்கு 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டமும், 15999 என்ற தாலியான் காசே எண்ணும் இருக்கின்றன.

எங்கே போவது என்பதையும் சொல்லிவிடுவோம். அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் டாக்டரிடம் மனம் விட்டுச் சொன்னால், தேவைப்பட்டால் கடிதம் கொடுத்து நிபுணரிடம் அனுப்புவார். சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹலீம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. குடிமக்களுக்குக் கிளினிக்கில் கட்டணம் 1 ரிங்கிட். பெர்மிட்டில் உள்ளவர்களுக்குக் கூடுதல், அதை முதலாளிமார் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். தனியாரிடம் போவதானால் ஆளைப் பார்த்துப் போங்கள். 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர்கள் சட்டப்படி, பதிவும் தொழில் சான்றும் பெறாதவர் இந்த நாட்டில் ஆலோசகர் என்று போர்டு மாட்டக்கூடாது. பதிவு பெற்றவர் பெயருக்குப் பின்னால் கே.பி., பி.ஏ. என்ற எழுத்துகள் இருக்கும். (இந்த பி.ஏ. காலேஜில் வாங்குகிற பி.ஏ. அல்ல, மலாயில் 'பெராக்குவான் அமாலான்' என்பதன் சுருக்கம்.) நோயாளி சொன்னதை வெளியில் சொல்லலாகாது என்பது அத்தொழிலின் கட்டுப்பாடு. தமிழ் பேசும் ஆலோசகர் வேண்டுமானால் நாள் குறிக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சில் உள்ளதைப் பிற பாஷையில் கொட்டுவது கடினம்.

ஒன்று மட்டும் தாமதத்துக்கு இடமில்லாதது. உறவு முறிந்த சமயத்தில் இப்படிப்பட்டவர், "இனி இருந்து என்ன பயன்" என்று பேசினால் அதை மிரட்டல் என்று தள்ளிவிடக்கூடாது. தனியே விடாதீர்கள், தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணுக்கு அழையுங்கள். ஆபத்து நெருங்கிவிட்டால் 999, அல்லது மருத்துவமனை அவசரப் பிரிவு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய குற்றவியல் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகையால் போலீசுக்குப் பயந்து, "தவறுதலாகக் குடித்துவிட்டான்" என்று டாக்டரிடம் மறைக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை.

கடையில் உள்ள பையன், "நானா, புதன்கிழமை இரண்டு மணி நேரம் வெளியே போகணும்" என்று கேட்டால் அனுப்பிவையுங்கள். அந்த நேரத்துக்குச் சம்பளம் பிடிக்க வேண்டாம். திரும்பி வந்ததும், "டாக்டர் என்ன சொன்னார்" என்று மற்ற பையன்கள் முன்னிலையில் கேட்கவும் வேண்டாம்.