ஆடு தின்னும், நாங்களும் தின்னுவம், ஆமைக்கு?

தம்பி, முதல்லை சட்டத்தைச் சொல்லிப்போட்டுச் சாப்பாட்டுக்கு வாறன். உன்ரை வளவிலை நிக்கிற நட்சத்திர ஆமை மன்னாரிலை பிடிச்சதோ, வன்னியிலிருந்து ஆரும் ஆசையாக் கொண்டந்து தந்ததோ, அதை வீட்டிலை வளர்க்கேலாது. 1937 ஆம் ஆண்டு வனசீவராசிப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பாதுகாக்கிற சீவன் அது. 2019இலை ஜெனீவாவிலை நடந்த சர்வதேச வனசீவராசி வியாபாரக் கூட்டத்திலை நாடுவிட்டு நாடு விக்கிறதையும் தடுத்துப் போட்டினம். வனசீவராசிகள் திணைக்களத்துக்கு இண்டைக்கே அறிவி. அவையள் வருமட்டும் அது பட்டினி கிடக்கேலாதுதானே, அதுக்குத்தான் இந்தச் சாப்பாட்டுக் கதை.

சோறு, பாண், பிஸ்கற் ஒண்டும் வைக்காதை. மாம்பழம், பப்பாசியும் வேண்டாம், வயித்தாலை போகும். பற்றைக்காட்டிலை அது மேயிறது பெரும்பாலும் புல்லும் பூண்டும்தான். அப்ப வளவுக் களை நல்லதுதான், ஆனால் எந்தக் களை? எங்கடை ஆக்களிட்டை இதுக்கு ரெண்டு பதில் இருக்கு. ஒண்டு, "ஆடு தின்னுதெல்லே." மற்றது, "நாங்களே வறை வறுத்துத் தின்னுறம்." ரெண்டையும் நம்பாதை.

வேலியோரத்து இப்பிலிப்பிலை ஆட்டுக்கு ஒடிச்சுப் போடுறம். அதிலை மைமோசின் எண்டு ஒரு நஞ்சு இருக்கு. அந்த நஞ்சை உடைக்கிறது ஆட்டின்ரை இரைப்பையிலை வாழுற ஒருவகைக் கிருமிதான். எல்லா ஆட்டிலையும் அது இல்லை. 1980களிலை ஹவாய் ஆடுகளிலிருந்து அந்தக் கிருமியை எடுத்து அவுஸ்திரேலியாவிலை ஆடுமாட்டுக்கு மாத்தின பிறகுதான் அங்கத்தேயதுகளும் சேதமில்லாமல் தின்னத் தொடங்கினது. ஆமைக்கு அப்பிடி ஒரு இரைப்பையே கிடையாது. ஆடு தின்னுது எண்டு சீமைக்கிளுவைக் கதியால் குழையையும் போடாதை.

இனி வறைக்கதை. மழை பெய்ஞ்சு ஒரு கிழமையிலை முத்தமெல்லாம் சாரணை படரும். அம்மா அதை அவிச்சு, தண்ணியைப் பிழிஞ்சு ஊத்திப்போட்டுத்தான் தேங்காய்ப்பூவோடை வறுப்பா. அந்தத் தண்ணியோடைதான் ஒக்சலேற்றிலை ஒரு பங்கு போகுது. ஆமை பச்சையாத் தின்னும். ஒக்சலேற்று கல்சியத்தைப் பிடிச்சு வச்சுக்கொள்ளும், ஓடு வளர வேண்டியது உடம்பிலை சேராது. ஒருநாள் ரெண்டு கடி கடிச்சால் ஒண்டும் ஆகாது, அதையே நெடுகக் குடுக்கிறதுதான் கெடுதி. பசளியும் அப்பிடித்தான்.

பயப்பிடாமல் குடுக்கக்கூடியது அறுகம்புல். சாப்பாட்டிலை பெரும்பங்கு புல்லா இருக்கட்டும். செவ்வரத்தை இலையும் பூவும் அதுக்கு நல்ல விருப்பம், பூவைக் கண்டால் கழுத்தை நீட்டி ஒரே இழுவை. நாகதாளி கிடைச்சால் முள்ளைத் தணல்லை வாட்டிச் சுரண்டிப்போட்டு ஒரு துண்டு வை. முருங்கையிலை, அகத்தியிலை சத்துத்தான், ஆனால் புரதம் கூட, கொஞ்சமாப் போதும். எல்லாத்தையும் மண்ணிலை போடாமல் ஒரு ஓட்டுத்துண்டிலை வை, இல்லாட்டில் இலையோடை மணலும் வயித்துக்குள்ளை போகும்.

அலரி, எருக்கலை, ஊமத்தை, ஆமணக்கு, குண்டுமணி, நாயுண்ணி இருக்கிற பக்கம் விடவே கூடாது. அலரியிலை உதிர்ந்த பூக்கூட ஆபத்து, மரத்தடியைக் கூட்டு. பார்த்தீனியம் நிண்டால் பூக்க முன்னம் கையுறை போட்டுப் பிடுங்கு. இந்தியப் படையின்ரை ஆடுகளோடை வந்தது எண்டு சனம் சொல்லும். எப்பிடி வந்தாலும் மனுசத் தோலுக்கும் கால்நடைக்கும் ஆகாத பூண்டு.

தோட்டக்கரைப் புல்லைப் பாத்து ஆசைப்படாதை. வெங்காயத்துக்கு அடிக்கிற மருந்து வரம்புப் புல்லிலையும் படும். களைகொல்லியும் இருக்கலாம்: கிளைபோசேட் எண்ட களைகொல்லியை 2015இலை தடைசெய்தவை, 2022இலை அந்தத் தடையையும் எடுத்திட்டினம். மருந்து அடிக்காத உன்ரை வளவுப் புல்லுப் போதும்.

கடற்கரையிலை ஒதுங்கிற கணவாய் ஓட்டை நல்லா அலசி, உப்புப் போக ஊறவிட்டுக் காயவைச்சுப் போடு, தேவையெண்டால் அதுவே கொறிக்கும். கல்சியத்துக்கு இதைவிட மலிவா ஒண்டும் இல்லை.

குடிக்கத் தட்டைச் சட்டியிலை கொஞ்சத் தண்ணி. "ஆமைதானே" எண்டு கிணத்துக்குள்ளை விட்டிடாதை! குளத்துப் பாலாமைதான் நீந்தும், இது தரை ஆமை, தாண்டு போகும். திணைக்கள ஆக்கள் வந்தால் எங்கையிருந்து வந்தது, எப்ப வந்தது, என்ன திண்டது எண்டு ஒளிக்காமல் சொல்லு. எந்தக் காட்டிலை திருப்பி விடுறது எண்டு முடிவெடுக்க அவையளுக்கு அது வேணும்.